ஒரு பத்தியில் ஒரு காண்டிகை: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இலக்கியமும் கட்டுரையும் கற்பித்தல்

ஆசிரியப் பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டில், எட்டாம் வகுப்பின் முப்பத்தெட்டுக் கட்டுரை ஏடுகளைத் திருத்த உட்கார்ந்தபோது, முப்பத்தெட்டிலும் ஒரே முன்னுரையும் ஒரே உட்தலைப்புகளும் ஒரே முடிவுரையும் இருக்கக் கண்டேன். கரும்பலகையில் எழுதும் அவசரத்தில் நான் விட்ட ஓர் ஒற்றுப்பிழைகூட எல்லா ஏடுகளிலும் அப்படியே இறங்கியிருந்தது. பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். நான் கொடுத்ததை நம்பிக்கையோடு வாங்கி அழகான கையெழுத்தில் திருப்பித் தந்திருந்தார்கள். ஆனால் அந்த முப்பத்தெட்டு ஏடுகளையும் எழுதியவள் நான் ஒருத்திதான். ஒரு பாடலைப் படித்து, அதைப் பற்றித் தானே யோசித்து, யோசித்ததைப் பிறர் ஏற்கும்படி எழுத ஒரு பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி அன்றுதான் எனக்கு எழுந்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்துப் பள்ளிகளில் செய்து பார்த்து நிலைத்த முறையை, இந்த வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

செய்யுளுக்கு ஒரு பாடவேளை, கட்டுரை ஏட்டுக்கு வேறொரு நாள் என்று கால அட்டவணை பிரித்து வைத்திருப்பதால், இலக்கியம் கற்பிப்பதும் கட்டுரை எழுதக் கற்பிப்பதும் இரு வேலைகள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. என் அனுபவத்தில் இரண்டும் ஒரே பழக்கத்தில் தொடங்குகின்றன. ஒரு பிள்ளை பாடலைப் பற்றி எதைச் சொன்னாலும், எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்று பாடலின்மேல் விரல் வைத்துக் காட்ட வேண்டும். பேச்சில் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இலக்கிய வாசிப்பு வந்துவிடும். அதே பழக்கம் தாளில் இறங்கும்போது கட்டுரை வந்துவிடும்.

கருவி நம் ஊரிலேயே இருக்கிறது

ஆய்வுக் கட்டுரை என்றதும் அது வெளியிலிருந்து நமக்கு வந்த வடிவம் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது அதைத்தான். மூலத்தின் ஒரு வரியை எடுத்து, அதன் கருத்தைச் சொல்லி, சொற்பொருளை நிறுத்தி, மேற்கோள் காட்டி, எதிரில் ஒருவர் நின்று கேட்பது போல வினா எழுப்பி, விடை கூறித் துணிவது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் ஒருவரான பவணந்தி முனிவர் நம் கொங்கு நாட்டவர். நன்னூலின் பாயிரம் அவரைப் 'பொன்மதிற் சனகை'யோடு சேர்த்துச் சொல்கிறது. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அந்தச் சனகை என்று நம் பகுதியில் வழிவழியாகச் சொல்லிவருகிறோம்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் காண்டிகை என்னும் சுருக்கமான உரை எப்படி இருக்க வேண்டும் என்று கூறும் நூற்பா இது:

கருத்துப் பதப்பொருள் காட்டு மூன்றினும்
அவற்றொடு வினாவிடை ஆக்க லானும்
சூத்திரத் துட்பொருள் தோற்றுவ காண்டிகை.

கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் இந்த ஐந்தும் நல்ல கட்டுரைப் பத்தி ஒன்றின் ஐந்து உறுப்புகள் என்பதை ஒரு கோடை விடுமுறையில் நன்னூலைத் திரும்பப் படித்தபோது உணர்ந்தேன். முதலில் சொல்ல வந்தது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதற்கு அடிப்படையான சொல்லின் பொருளைத் தெளிவாக்க வேண்டும். பாடலிலிருந்து அந்த வரியைக் காட்ட வேண்டும். அதைப் படிக்கும் ஒருவருக்கு எழக்கூடிய ஐயத்தைத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். இறுதியாக அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐந்து விரல்களில் எண்ணி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான் இது. நூற்பாவை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து சொற்களையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வகுப்புச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்கவிட்டால் போதும்.

ஆறாம் வகுப்பில் கருத்தும் காட்டும் மட்டும் போதும்; இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஏழாம் வகுப்பில் பதப்பொருளைச் சேர்த்து, ஆண்டின் பிற்பாதியில் வினாவுக்கு வரலாம். ஐந்தும் சேர்ந்த முழுப் பத்தியும், அத்தகைய மூன்று பத்திகளைக் கோத்த கட்டுரையும் எட்டாம் வகுப்புக்கு உரியவை.

பாடலைத் தேர்தலும் படித்தலும்

முதலில் எடுக்கும் பாடல் நான்கு முதல் எட்டு அடிகளுக்கு மிகாமல் இருப்பது நல்லது. நீண்ட பாடலில் பிள்ளைகள் பொருளைத் தேடுவதிலேயே களைத்துவிடுவார்கள். சொல்லை உற்றுப் பார்க்கும் பொறுமை மிஞ்சாது. தெரியாத சொற்கள் ஐந்தாறுக்குமேல் உள்ள பாடலைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். விடுகதை, தாலாட்டு, ஏற்றப்பாட்டு ஆகியவற்றை ஆறாம் வகுப்பில் தயங்காமல் எடுக்கலாம். விடுகதையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு துப்பு என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்.

பாடலை விளக்குவதற்கு முன் மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். 'ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின், பெருக நூலிற் பிழைபா டிலனே' என்றும், 'முக்காற் கேட்பின் முறையறிந் துரைக்கும்' என்றும் நன்னூல் சொல்வது வகுப்பறையில் அப்படியே நடப்பதைக் கண்டிருக்கிறேன். முதல் முறை ஆசிரியர் படிக்க வேண்டும். இரண்டாம் முறை வகுப்பே சேர்ந்து படிக்க வேண்டும். மூன்றாம் முறை, பொதுவாக வாய் திறக்காத ஒரு பிள்ளை படிக்கட்டும். அந்த மூன்று வாசிப்புக்குள் உரைநூலையோ பாடநூலின் பின்னுள்ள 'பாடலின் பொருள்' பகுதியையோ யாரும் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பொருளை முன்னதாகப் படித்துவிட்ட பிள்ளை பாடலைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது.

மழைச்சோறு: இரண்டு பாடவேளைகள்

எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'மழைச்சோறு' என்னும் நாட்டுப்புறப் பாடல் இடம்பெற்றதை இந்த முறைக்குக் கிடைத்த நல்வாய்ப்பாகக் கருதுகிறேன். மழை பொய்த்த காலத்தில் ஊர்ப் பெண்கள் வீடுவீடாகச் சென்று உப்பில்லாத சோறு வாங்கி, பொதுவிடத்தில் வைத்துப் பகிர்ந்துண்ணும் வழக்கத்தோடு சேர்ந்த பாடல் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நம் பகுதியில் மழைக்காக ஏங்குவது என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடல் இப்படித் தொடங்குகிறது:

வாளியிலே மாக்கரைச்சு
வாசலெல்லாம் கோலம்போட்டு
கோலம் அழியலையே
கொள்ளைமழை பெய்யலையே!

மூன்று முறை படித்து முடித்தபின், 'இந்தப் பாட்டுப் பாடுனவங்க எப்படி இருக்காங்க?' என்று மட்டும் கேட்டேன். ஒரு பையன் 'கவலையா இருக்காங்க டீச்சர்' என்றான். 'எந்தச் சொல்லைப் பாத்துச் சொல்ற கண்ணு?' என்றேன். வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இந்த அமைதியைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆசிரியருக்குக் கடினமான வேலை. நாமே சொல்லிவிடலாம் என்று நாக்குத் துடிக்கும். காத்திருந்தேன். அவன் விரல் ஒவ்வொரு அடியாக இறங்கி 'அழியலையே'யில் நின்றது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், 'எங்கூட்ல மழை வந்தா எங்கம்மா கோலம் போச்சேன்னுதானுங்க வருத்தப்படுவாங்க. இவங்க கோலம் போகலியேன்னு வருத்தப்படறாங்க' என்றாள்.

பாடலின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் வெளிப்பட்டுவிட்டது. போட்ட கோலம் அழியாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பது உலக வழக்கம். அழியாமல் கிடக்கும் கோலமே மழை வராததற்குச் சாட்சியாக இந்தப் பாடலில் நிற்கிறது. அதன்பிறகு கேள்விகள் தாமே வந்தன. ஏன் 'வாளியிலே'? கரைத்த மாவின் அளவு அது. கொஞ்சமாகப் போட்ட கோலம் அன்று. ஏன் 'மாக்கரைச்சு'? மாவைக் கரைத்துப் போடும் கோலம் பொடிக்கோலத்தைவிடத் தரையில் அழுந்திப் பிடிக்கும் என்று ஒரு பிள்ளை சொன்னது. காற்றுக்கும் காலடிக்கும் எளிதில் போகாத கோலத்தை அழிக்க நல்ல மழைதான் வேண்டும் என்று இன்னொரு பிள்ளை அதை முடித்துவைத்தது. அடுத்த கண்ணியில் வாளி பானையாகவும், வாசல் பாதையாகவும், 'கொள்ளைமழை' 'கோடிமழை'யாகவும் மாறுவதைக் கண்டுபிடித்து, கோலம் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது என்றார்கள். ஒருத்தியின் கவலை ஊரின் கவலையாகிறது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதை என்ற சொல்லில் விரல் வைத்து அவர்களே சொன்னார்கள்.

மறுநாள் எழுதச் சொன்னேன். முந்தைய நாள் அவ்வளவு பேசிய வகுப்பிலும் பெரும்பாலான ஏடுகளில் இப்படித்தான் இருந்தது: 'இப்பாடல் மிகவும் அருமையான பாடல் ஆகும். இப்பாடலில் மழையின் சிறப்பு அழகாகக் கூறப்பட்டுள்ளது. மழை இல்லையேல் உலகம் இல்லை. எனவே நாம் மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்.' பேச்சில் இருந்த கூர்மை எழுத்தில் காணாமல் போவது வழக்கமாக நடப்பது. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். கட்டுரை என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். இந்த நான்கு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாடலில் விரல் வைக்கச் சொல்லுங்கள். 'அருமையான' என்பதற்கு விரல் வைக்க இடமில்லை. 'மழையின் சிறப்பு' என்பதற்கும் இல்லை. நாம் படித்த கண்ணிகளில் மழையே இல்லை, மழை இல்லாமைதான் இருக்கிறது. மரம் வளர்ப்பது நல்ல செயல், ஆனால் அந்தக் கண்ணிகளில் ஒரு மரமும் இல்லை. இடம் கிடைக்காத வாக்கியங்களைப் பிள்ளைகளே அழிக்கட்டும்.

பின் சுவரிலுள்ள ஐந்து சொற்களைக் காட்டி மீண்டும் எழுதச் சொல்ல வேண்டும். கோலம் பற்றிச் சொன்ன அந்தப் பெண் இரண்டாம் முறை எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

'மழை பெய்யாத வருத்தத்தை இப்பாடல் ஒரு கோலத்தைக் கொண்டு சொல்கிறது. அழியலையே என்றால் அழியவில்லையே என்று பொருள். கோலம் அழியலையே, கொள்ளைமழை பெய்யலையே என்று இரண்டு அடிகளும் ஒரே மாதிரி முடிகின்றன. கோலம் அழிந்தால்தானே வருத்தம் வரும், அழியாததற்கு ஏன் வருந்துகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். கரைத்த மாவில் போட்ட கோலத்தை மழைதான் அழிக்கும். அது அழியாமல் கிடப்பதைத் தினமும் பார்க்கும்போது மழை வரவில்லை என்பது தினமும் நினைவுக்கு வருகிறது.'

ஆறு வாக்கியங்கள்தாம். கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஐந்தும் இருக்கின்றன. கடைசி வாக்கியத்தில் உள்ள 'தினமும்' எந்த உரைநூலிலும் இல்லாதது.

வினா எழுப்பப் பழக்குதல்

ஐந்து உறுப்புகளில் பிள்ளைகளுக்கு எளிதில் வராதது வினா. தாம் சொன்ன கருத்துக்குத் தாமே எதிர்க்கேள்வி கேட்பது தம் பக்கத்தைத் தாமே விட்டுக்கொடுப்பது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆகவே முதலில் வினாவை வேறொருவர் கேட்கும்படி அமைக்க வேண்டும். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் கருத்தையும் காட்டையும் சொல்ல, மற்றவர் 'அப்படியானால்...' என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

இதற்கு நான் ஆண்டுதோறும் ஏழாம் வகுப்பில் எடுப்பது ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று (புறம். 187):

நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே.

அவல் பள்ளம், மிசை மேடு. மேட்டாங்காட்டையும் வாய்க்கால் பாசன வயலையும் ஒரே நடையில் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொற்களும் உடனே பிடிபடும். எங்கே மனிதர் நல்லவரோ அங்கே நிலமும் நல்லது என்னும் கருத்தை எல்லோரும் ஏற்றுத் தலையாட்டியபோது ஒரு பையன், 'நல்ல ஆளுங்க இருந்தாலும் தண்ணி இல்லாட்டி வெள்ளாமை எப்படிங்க டீச்சர் வரும்?' என்றான். சரியான வினா. விடையை நான் சொல்லாமல், வீட்டில் தாத்தாவை, அப்பாரையோ அப்புச்சியையோ, கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் நான்கைந்து பேர் ஒரே செய்தியோடு வந்தார்கள்: பவானிசாகர் அணை கட்டி, 1950களில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் இப்போதைய வயல்களில் பல மானாவாரிக் காடுகளாகக் கிடந்தவை. அணையும் வாய்க்காலும் மனிதர் முயற்சியால் வந்தவை. ஆகையால் அந்த நிலத்தை நல்லதாக்கியவர் மனிதரே என்று அவர்கள் ஔவையாருக்குத் துணைநின்று எழுதினார்கள். வாய்க்கால் எட்டாத ஊரிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், எங்கள் ஊரில் உழைப்பவர்கள் இல்லையா என்று கேட்டு, பாடலின் கருத்து எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று எழுதினாள். இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் நம் பக்கத்தை மோப்பம் பிடித்து எழுதத் தொடங்கிவிடுவார்கள், வினா பொய்யாகிவிடும்.

'ஆடவர்' என்றால் ஆண்கள் மட்டும்தானா, பெண்கள் நல்லவராக இருந்தால் நிலம் நல்லதாகாதா என்ற கேள்வியும் பெரும்பாலான ஆண்டுகளில் எழும். அதை ஒதுக்கிவிடாதீர்கள். சொல்லின் பொருளை உற்றுப் பார்த்ததால் எழுந்த கேள்வி அது. அதற்கே ஒரு பாடவேளை தகும்.

வீட்டுப் பேச்சும் ஏட்டு நடையும்

கொங்குப் பிள்ளைகள் எழுத்தில் திணறுவதற்கு அவர்கள் வட்டார வழக்கே காரணம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 'பொழுதோட ஒறம்பரை வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளைக்குச் சொல்வளம் குறைவில்லை. அதே செய்தியை 'மாலையில் விருந்தினர் வந்துவிட்டனர்' என்று எழுதும் இன்னொரு வழியும் அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் பேசும்போது வீட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள். திருத்தினால் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்ற வகுப்பில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

நான் செய்வது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் ஏட்டின் பின்பக்கங்களை இரண்டு பத்திகளாகக் கோடிட்டு, இடப்பக்கம் வீட்டுச் சொல்லையும் வலப்பக்கம் எழுத்து வழக்கில் அதற்கு ஈடான சொல்லையும் எழுதிவர வேண்டும். வேசகாலம் என்பதற்கு எதிரே கோடைக்காலம், வெள்ளாமைக்கு எதிரே வேளாண்மை. இதை எழுதும்போதே வெள்ளாமை என்பது வேளாண்மையின் பேச்சு வடிவம் என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். ஈடு கிடைக்காத சொற்களும் வரும். அவற்றை வலப்பக்கம் காலியாக விட்டு, கட்டுரையில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் அப்படியே பயன்படுத்தச் சொல்லலாம். பெருமாள்முருகன் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி பள்ளி நூலகத்தில் இருந்தால், தம் வீட்டுச் சொல் அச்சில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே அதை ஒரு நாள் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

பத்தியிலிருந்து கட்டுரைக்கு

மூன்று நல்ல பத்திகள் எழுதத் தெரிந்த பிறகே கட்டுரைக்குப் போக வேண்டும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் தவறன்று. அதை மேலிருந்து கீழாக நிரப்பச் சொல்வதுதான் தொல்லை. எழுதப்போவது என்னவென்று தெரியாத பிள்ளை முன்னுரையில் 'மனிதன் தோன்றிய நாள் முதல்' என்று தொடங்குவதைத் தவிர வேறென்ன செய்யும்? உடல்பகுதியின் மூன்று பத்திகளையும் முதலில் எழுதி, அவற்றின் கருத்து வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் தனியே எடுத்தெழுதி, எதை முன்னும் எதைப் பின்னும் வைப்பது என்று அடுக்கிப் பார்த்து, அதற்குப் பின் முன்னுரையை இரண்டே வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். முடிவுரைக்கு நான் நிபந்தனை எதுவும் வைப்பதில்லை. அறிவுரை மட்டும் கூடாது என்பேன்.

பாடலை விட்டுச் செய்திக் கட்டுரைக்கு வரும்போது காட்டு என்னும் உறுப்பு சான்று என்னும் பெயரில் தொடர்கிறது. நம் வட்டாரத்தில் இதற்குக் கொடுமணலைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள அந்த ஊரில் 1980களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், கல்மணிகள் செய்ததற்கான தடயங்களும் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து 'கொடுமணம் பட்ட' அணிகலன்களைப் பாடுகிறது. மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி வகுப்பிடம் கொடுங்கள். 'எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கொடுமணலில் கிடைத்துள்ளன' என்பது முதலாவது. 'அங்கு வாழ்ந்தவர்களில் எழுத்தறிந்தவர்கள் இருந்தனர்' என்பது இரண்டாவது. 'அங்கு வாழ்ந்த அனைவரும் எழுத்தறிந்தவர்கள்' என்பது மூன்றாவது. முதலாவது கண்ணால் கண்டது. இரண்டாவது கண்டதிலிருந்து நியாயமாகப் பெற்றது. மூன்றாவது ஓடு சொல்லாததை நாம் அதன்மேல் ஏற்றியது. நம் ஊர்ப் பெருமையைப் பேசும் இடத்தில்தான் மூன்றாம் வகை வாக்கியம் எளிதில் நுழையும் என்பதால், பெருமைக்குரிய பொருளை வைத்தே இந்தப் பயிற்சியைத் தருகிறேன்.

செய்தி எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடும் பழக்கத்தையும் இங்கேயே தொடங்க வேண்டும். பாடலானால் (புறம். 187) என்பது போல நூற்சுருக்கமும் எண்ணும் போதும். மனிதரிடம் கேட்டதானால் யார், எந்த ஊர், எப்போது சொன்னது என்று எழுத வேண்டும்: 'எங்கள் அமுச்சி கடந்த தை மாதம் சொன்னது.' பாட்டி சொன்னதற்கும் மேற்கோள் குறி போட வேண்டுமா என்று பிள்ளைகள் வியப்பார்கள். கட்டாயம் போட வேண்டும். உரைநூலிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒரு வரியைச் சொல்லாமல் எடுப்பது தவறு என்பதை அதட்டிச் சொல்வதைவிட, தம் அமுச்சியின் பெயர் ஏட்டில் மரியாதையோடு நிற்பதைப் பார்க்கும் பிள்ளை விரைவில் புரிந்துகொள்கிறது.

திருத்துதல்

முப்பத்தைந்து ஏடுகளில் ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையில் வட்டமிட்டால் ஆசிரியர் களைப்பார், பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏட்டை மூடிவிடும். ஒரு முறைக்கு ஒரே ஒரு குற்றத்தைத் தேடுங்கள். எந்தக் குற்றம் என்பதற்கும் நன்னூலே பட்டியல் தருகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந் திறுதல், நின்றுபயன் இன்மை. நூலுக்குச் சொன்ன இந்தப் பத்துக் குற்றங்களில் எட்டாம் வகுப்பு ஏடுகளில் நான் மிகுதியாகக் காண்பவை மூன்று. 'மிகவும் அருமையான பாடல்' என்பது வெற்றெனத் தொடுத்தல். மழைப்பாட்டில் மரம் வளர்ப்பது மற்றொன்று விரித்தல். முதல் பத்தியில் விறுவிறுப்பாகத் தொடங்கி மூன்றாம் பத்தியில் இரண்டு வரியோடு ஓய்ந்துவிடுவது சென்றுதேய்ந் திறுதல். இந்தப் பெயர் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், நொய்யலும் அப்படித்தானே என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். பிழைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதைத் தம் எழுத்தில் தாமே தேடத் தொடங்குகிறார்கள். ஓரத்தில் 'மற்.வி.' என்று சுருக்கக் குறிப்புப் போட்டால் போதும். எது எங்கே என்று தேடித் திருத்துவது பிள்ளையின் வேலை.

ஒற்றுப்பிழை, ன-ண மயக்கம், ர-ற மயக்கம் ஆகியவற்றைக் கடைசிப் படியில், தூய படி எழுதும் நாளில் மட்டும் பாருங்கள். கருத்து உருவாகும் நேரத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை தனக்கு நிச்சயமாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் பயன்படுத்தத் தொடங்கிவிடும்.

தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா என்று கேட்கும் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் நான் சொல்வது: காண்டிகைப் பத்தி எழுதத் தெரிந்த பிள்ளை நெடுவினாவுக்கு விடை எழுதத் திணறுவதில்லை. ஆண்டுக்கு ஐந்து பாடல்களை இப்படி ஊன்றிப் படித்து, மற்றவற்றை வழக்கம்போல நடத்தினாலும் போதும். எல்லாப் பாடத்தையும் இந்த முறையில் எடுக்க நேரம் இருக்காது.

எழுத இன்னும் கை வராத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் ஐந்து உறுப்புகளையும் வாயால் சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். அது அவர்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை கருத்து வாக்கியத்தை மட்டும் அவர்கள் கையால் எழுதட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சூன் மாதம் எழுதிய முதல் பத்தியைக் கிழித்தெறியவிடாமல் வாங்கி, ஒரு கோப்பில் வைத்திருங்கள். மார்ச் மாதத்தில், தேர்வுக்குமுன் ஓய்வாகக் கிடைக்கும் ஒரு பாடவேளையில் அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்து, மாணவர் ஒருவரின் ஏட்டைத் திருத்துவது போலத் திருத்தச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஒரு பெண் தன் சூன் மாதப் பத்தியை நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இப்பாடல் இயற்கையைப் போற்றுகிறது' என்ற தன் முதல் வரிக்கு எதிரே, ஓரத்தில் பென்சிலால் 'காட்டு எங்கே?' என்று எழுதி, பாடநூலைத் திறந்து அந்தப் பாடலைத் தேடத் தொடங்கினாள்.